வண்டிக்கார அக்காவின் மூக்கு

காலை ஆறே காலுக்கு அவள் கணவன் இன்னொருத்தியின் முகத்தில் ஊதிக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போயிருந்தான். அதைக் கொடுக்கத்தான் அவள் தெருவிளக்கு டிப்போவுக்கு வந்தாள். கேட்டுக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே, விளக்குக் கம்பத்தின் உச்சிக்கு ஆளைத் தூக்கும் கூண்டு வண்டியின் பக்கத்தில், மஞ்சள் கோட்டுப் போட்ட ஒரு பெண். அகலமான தோள். ஐம்பதை நெருங்கும் வயது. அந்தப் பெண் கண்ணை மூடி முகத்தை முன்னால் நீட்டினாள். அவன் நெஞ்சிலிருந்த காற்றையெல்லாம் அந்த மூக்கின் மேல் விட்டான். பழக்கடையில் முலாம்பழத்தை முகர்ந்து பார்ப்பவளைப் போல அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். பிறகு தலையசைத்தாள்.

அவன் கூண்டில் ஏறினான். அந்தப் பெண் அவனுடைய இடுப்புப் பட்டையைக் கொக்கியில் மாட்டி, இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தரமும் இழுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு கம்பியைத் தள்ளினாள். வண்டியின் இரும்புக் கை நீண்டது. அவன் சிரித்துக்கொண்டே மேலே போனான்.

சிரிக்க என்ன இருக்கிறது என்று அவள் நினைத்தாள். டப்பாவை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அவள் ஒரு துணிக்கடையில் தையல்காரி. வாங்கிய துணியை ஆளுக்குத் தக்கபடி பிடித்துக் கொடுக்கும் பிரிவு, கடையின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத அறை. பண்டிகைக் காலத்தில் அங்கே மூச்சுவிட நேரம் இருக்காது. ஊரில் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் இடுப்பு பெருத்துவிடும்.

அந்த அறையில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. புருஷனைத் திருத்தியவள். கல்யாணமான நாளிலிருந்து அவன் குடித்தான். அவள் அழுதாள், சண்டை போட்டாள், சத்தியம் வாங்கினாள். ஒரு பண்டிகைக்கு அவன் செருப்புகளையெல்லாம் ஒளித்து வைத்தாள். வெறுங்காலோடு போய்க் குடித்துவிட்டு வந்தான். கடைசியில் அவளுக்கு அலுத்துப்போயிற்று. பேச்சை நிறுத்தினாள். சோறு போட்டாள், துணி மடித்தாள், வாயை மட்டும் திறக்கவில்லை. அடுத்த மாதம் அவன் குடியை விட்டுவிட்டான்.

"ஒண்ணும் பண்ணல. பேசாம இருந்தேன். அவ்வளவுதான்" என்று எல்லோரிடமும் சொன்னாள். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. பட்டன் துளைக்குக் காஜா எடுப்பவள் அதை நம்பித் தன் வீட்டிலும் இரண்டு மாதமாகப் பேசாமல் இருந்து பார்த்தாள்.

"எப்படி இருக்கார் உன் வீட்டுக்காரர்?" என்று அன்று தையல்காரி அவளைக் கேட்டாள்.

"முன்ன விட நிம்மதியா குடிக்கிறாருக்கா" என்றாள் காஜாக்காரி.

மற்றவர்கள் சிரித்தார்கள். தையல்காரி சிரிக்கவில்லை. அவளுக்கு அந்தத் தலையசைப்பே கண்ணுக்குள் நின்றது.

மாலை அவன் வந்ததும் கேட்டாள்.

"காலையில அங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"எங்க?"

"அந்தப் பொம்பள மூஞ்சியில."

அவன் சிரித்தான். "ஓ, வந்தியா? ஊதினேன். அவங்கதான் வண்டிக்கார அக்கா. தினமும் ஊதிட்டுத்தான் ஏறணும். வாடை வந்தா தூக்க மாட்டாங்க."

"இது எப்ப இருந்து?"

"அவங்க இந்த டிப்போவுக்கு வந்ததுல இருந்து. மொத நாளே சொல்லிட்டாங்க. மேல போகணும்னா வாய் சுத்தமா இருக்கணும், இல்லன்னா கீழ உக்காந்து ஒயர் சுத்துன்னு. ஒரு வாரம் சுத்தினேன். பைத்தியம் புடிச்சிடும் போல இருந்துச்சு. சனியனை விட்டுட்டேன்."

இவ்வளவையும் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான். மழை வந்தது, நின்றது என்று சொல்வதைப் போல.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீதான் அப்ப எங்கூடப் பேசலையே."

அவன் முகம் கழுவப் போனான். அவள் அடுப்பைப் பார்த்து நின்றாள். பொங்கி வழிந்த பிறகுதான் பால் வைத்தது நினைவுக்கு வந்தது.

வயிறு எரிந்தது. எதற்கு என்று சொல்லத் தெரியவில்லை. அவர்களுக்குள் அப்படி இப்படி ஒன்றும் இல்லை. அவன் அக்கா என்றான். அந்த அக்காவுக்கு அவன் அம்மாவின் தோரணை. அதுவல்ல. இத்தனை வருஷமாக அவன் வாய்க்கு முதுகைக் காட்டித்தான் அவள் படுத்திருக்கிறாள். இன்னொருத்தி வந்தாள், மூக்கை நீட்டினாள், ஊது என்றாள். ஒரு வாரத்தில் வேலை முடிந்தது.

மறுநாள் அவன் கிளம்பும்போது வாசலில் வழிமறித்தாள்.

"இங்க ஊதுங்க."

"எதுக்கு?"

"ஊதச் சொன்னா ஊதுங்களேன்."

ஊதினான். டீ. பற்பசை. அதற்கு மேல் என்ன தேட வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. வண்டிக்காரி யோசித்ததைப் போல யோசித்தாள். தலையசைத்தாள்.

"சரி. நான் பாத்துட்டேன். இனி அங்க ஊத வேண்டாம்."

"அதெப்படி? அவங்க மூக்கு வேற. நேத்து சாயங்காலம் நான் பாட்டிலை மோந்து பாத்திருந்தாலே இன்னைக்குச் சொல்லிடுவாங்க."

புண்படுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. அவனுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதனால்தான் ஆழமாகப் போயிற்று.

"அப்படின்னா வேற வண்டிக்கு மாத்திக்கோங்க" என்றாள்.

அவன் படியில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"மத்த வண்டிக்காரனுங்க ஊதச் சொல்ல மாட்டானுங்க."

"அதுக்கு?"

"அதான் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அந்த வாரம் மாடி வீட்டில் விருந்து. போன வருஷம் வரை அந்த விருந்து முடியும்போது நான்கு பேர் அவனை மேஜையைத் தூக்குவது போலக் கீழே கொண்டுவந்து போடுவார்கள். அவள் பழைய துணியை விரித்துத் தயாராக வைத்திருப்பாள். இந்த வருஷம் அவன் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு மேலே போனான். ஒரு கண்ணாடித் தம்ளரில் எலுமிச்சை சோடா, உப்புப் போட்டு. அதைக் கையை விட்டு இறக்கவே இல்லை. யாராவது ஊற்ற வந்தால், "இருக்கு, இருக்கு" என்று தம்ளரைக் காட்டினான். எல்லோரும் ஆடியபோது ஆடினான். மோசமாகத்தான் ஆடினான். அவளைத் தெளிந்த கண்ணோடு பார்த்து, வா என்று கூப்பிட்டான். அவளும் போய் ஆடினாள். எத்தனையோ பண்டிகைக்குப் பிறகு அவளுக்கு வேர்க்க வேர்க்கச் சிரிப்பு வந்தது.

மற்றவர்களின் குரல் ஏறத் தொடங்கியபோது, "கிளம்பலாமா?" என்றான்.

தன் காலால் படி இறங்கினான். அவள் தோளில் கை போட்டிருந்தான். விழாமல் இருக்க அல்ல, சும்மா.

"ஏன் இவ்வளவு சீக்கிரம்?"

"ரெண்டாவது ரவுண்டுக்கு முன்னாடி கிளம்பிடணும். அதுக்கப்புறம் அவனுங்க பேச்சு நமக்குப் புரியாது, நம்ம மூஞ்சி அவனுங்களுக்குப் பிடிக்காது."

நல்ல பேச்சு. அவளுக்குப் பெருமையாக இருந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

"யாரு சொன்னது?"

"வண்டிக்கார அக்கா."

"அந்த சோடா?"

"அதுவும்தான். கை சும்மா இருந்தா யாராச்சும் எதையாச்சும் குடுத்துடுவாங்களாம். வெறும் வயித்தோட போகவே கூடாதாம்."

"ஆடணும்னும் அவங்கதான் சொன்னாங்களா?"

அவன் யோசித்தான். "ஆமா. உக்காந்தா தொலைஞ்சேன்னாங்க."

அவள் தோளிலிருந்து அவன் கையை எடுத்துவிட்டாள். வேர்க்கிறது என்றாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு எதுவும் இனிக்கவில்லை. அவன் வறுத்த கடலையை மடியில் கொட்டி உரித்தால், இதையும் அவள் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. கடைவீதியில் விளக்குப் பார்க்கக் கூட்டிப் போனால், இது யார் யோசனையோ என்று தோன்றியது. வீட்டில் பண்டிகை நடந்துகொண்டிருந்தது. ஏற்பாடு வேறு யாருடையதோ.

நாத்தனார் வந்தாள். அவனுடைய தங்கை. பெரிய வாய், நல்ல மனசு, இரண்டும் ஒன்றையொன்று கலந்து பேசுவதில்லை.

"அண்ணி, அந்தம்மாவை ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடணும். எங்கண்ணனை மீட்டுக் குடுத்திருக்காங்க."

"நானும் கொஞ்சம் பாடுபட்டேன்."

"ஐயோ, யாரு இல்லன்னா? உங்களை மாதிரி அழுதவங்க உண்டா? ஆனா பாருங்க, ஊதுன்னு சொல்லணும்னு உங்களுக்குத் தோணலையே!"

தையல்காரியின் உதட்டுக்கு நடுவில் ஊசி இருந்தது. அதனால் பதில் சொல்லவில்லை.

பண்டிகைக்கு முந்தைய மாலை கடைவீதிக் கோபுரத்தின் உச்சியில் பெரிய விளக்கை ஏற்றுவார்கள். ஊரே நின்று பார்க்கும். எவன் கூண்டில் போய் அதை மாட்டுகிறானோ அவனை வருஷம் முழுக்க டிப்போவில் மாப்பிள்ளை என்று கூப்பிடுவார்கள். இந்த வருஷம் அவன். டிப்போவில் புதுக் கோட்டுக் கொடுத்திருந்தார்கள். கருநீலம், உள்ளே பஞ்சு.

"கை நீளமா இருக்கு. கொஞ்சம் சுருக்கிக் குடு" என்று அவள் மடியில் வைத்தான். "எல்லாரும் பாப்பாங்க. நீ முன்னாடியே வந்து நின்னுடு, நான் மேல இருந்து கை காட்டறேன்."

"உங்க அக்கா எங்க நிப்பாங்க?"

"கீழ வண்டியிலதான். அவங்க தூக்கினாத்தானே நான் போக முடியும்."

மறுநாள் அவளுக்கு அரை நாள் வேலை. முடிந்ததும் வாழ்க்கையில் முதன்முறையாக ஒயின் ஷாப்பில் போய் நின்றாள். பண்டிகைக் கூட்டம். துப்பட்டாவைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் முறை வந்தது.

"என்ன வேணும்?"

"எது ரொம்ப நாறும்?"

கடைக்காரன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "குடிக்கவா, தெளிக்கவா?"

பின்னால் யாரோ சிரித்தான். அவள் இருப்பதிலேயே சின்ன பாட்டிலைக் காட்டினாள்.

கணக்கு அவளுக்குத் தெளிவாக இருந்தது. வண்டிக்காரிக்கு வாடை வரும். குடித்தாய் என்பாள். இவன் இல்லை என்பான். இவனுக்கு மூக்கின் மேல் கோபம், குடிக்காத நாளில் குடித்தான் என்றால் பொறுக்க மாட்டான். ஊரறியச் சண்டை நடக்கும். அவள் மூக்கும் பொய் சொல்லும் என்று ஒரு தரம் தெரிந்துவிட்டால் போதும், அப்புறம் அந்த மூஞ்சியில் ஊத மாட்டான். வேறு வண்டிக்கு மாறுவான். அங்கே ஊதச் சொல்ல ஆள் இல்லையென்றால் வீட்டில் நான் இருக்கிறேன்.

முதலில் கையைச் சுருக்கினாள். ஒழுங்காகவே சுருக்கினாள். பிறகு காலரின் அடித்தையலை ஒரு விரல் அகலத்துக்குப் பிரித்தாள். மேல்துணி நைலான், வாடையைப் பிடித்து வைக்காது. பஞ்சு பிடித்து வைக்கும். உடம்புச் சூடு ஏற ஏற வெளியே விடும். இதெல்லாம் தொழிலில் தெரிந்ததுதான். ஒரு துண்டுப் பஞ்சை நனைத்து உள்ளே தள்ளி, பழைய துளைகளிலேயே ஊசியைவிட்டுத் தைத்தாள். தைத்த இடம் தெரியவில்லை. கோட்டை மடித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினாள். மீதியைச் சாக்கடையில் கொட்டினாள். கொட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பழக்கம்.

"அழுக்காயிடும். அங்க போய்ப் போட்டுக்கோங்க" என்று கொடுத்தாள்.

அவன் உறையைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனான்.

அன்று மாலை கோபுரத்தடியில் நல்ல குளிர். அவள் முன்வரிசையில் நின்றாள். பாட்டு போட்டார்கள். கூண்டு மேலே எழும்பியது. கூண்டில் ஒல்லியாக வேறு யாரோ இருந்தான். அவன் விளக்கை மாட்டினான். வெளிச்சம் வந்தது. கூட்டம் கைதட்டியது.

அவள் கண்கள் கீழே தேடின. வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் அவள் கணவன் தரையில் குந்தியிருந்தான். கோட்டு இல்லை. அந்தக் குளிரில் வெறும் சட்டை. உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவில் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தான். ஒயரோடு கையைத் தூக்கிக் காட்டினான்.

முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"ஏன் நீங்க போகல?"

"வேற ஆளைத் தூக்கினாங்க."

"சண்டை போட்டீங்களா?"

"எதுக்குச் சண்டை?"

"கோட்டு எங்க?"

"டிப்போவில, என் பெட்டியில. பூட்டி வச்சிருக்கேன்."

எலுமிச்சையை நறுக்கினான். இரண்டு தம்ளர் எடுத்தான். இரண்டிலும் பிழிந்தான், உப்புப் போட்டான், சோடா ஊற்றினான். ஒன்றை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே தெரு முழுக்க அவன் கட்டிய விளக்குகள். அவன் அதைப் பார்த்துக்கொண்டே குடித்தான். ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். இது அந்த மாதிரி இல்லை. இதில் விஷம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பண்டிகை அன்று காலை அவன் கடைக்குப் போயிருந்தான். கதவு தட்டும் சத்தம். திறந்தாள். வண்டிக்காரி நின்றாள், ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு. மஞ்சள் கோட்டு இல்லாமல் பார்க்கச் சாதாரணமாக இருந்தாள். பக்கத்தில் பார்த்தால் மூக்கும் சின்னதுதான்.

"அவன் இல்லையா?"

"கடைக்குப் போயிருக்கார்."

"நல்லதாப் போச்சு. உன்னைப் பாக்கத்தான் வந்தேன்."

தையல் மிஷினுக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். தையல்காரி நின்றுகொண்டே இருந்தாள். மிஷினின் பிடியைக் கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"உக்காரும்மா. உன் வீட்டுல நான் உன்னை உக்காரச் சொல்ல வேண்டியிருக்கு."

உட்கார்ந்தாள்.

"நேத்து என்ன நடந்துச்சுன்னு சொன்னானா?"

"வேற ஆளைத் தூக்கினதா சொன்னார்."

"அவ்வளவுதானா?" வண்டிக்காரி தம்ளரைக் கீழே வைத்தாள். "புதுக் கோட்டைப் போட்டுட்டு மாப்பிள்ளை மாதிரி வந்து நின்னான். பக்கத்துல போறேன், வாடை. குப்புனு வருது. ஊதுடான்னேன். ஊதினான். வாய் சுத்தம். மறுபடி ஊதுன்னேன். சுத்தம். எனக்குத்தான் சளி புடிச்சிருக்கோன்னு நினைச்சேன். கோட்டுல எவனாச்சும் கொட்டிட்டானாடான்னு கேக்கப் போறேன், அதுக்குள்ள அவனே குனிஞ்சு காலரை மோந்து பாத்தான். தையலைக் கையால தடவினான். அப்படியே நின்னான். மூஞ்சி செத்துப்போச்சு. அப்புறம் காலரை இறுக்கிப் புடிச்சிக்கிட்டு, 'ஆமாக்கா, குடிச்சேன்'ங்கறான்."

தெருவில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

"இல்லன்னு சொல்லியிருந்தா ஆபீஸ்ல குடி பாக்கற மெஷின் இருக்கு, அதுல ஊத வச்சிருப்பேன். கோட்டைக் கழட்டி வாங்கிப் பாப்பாங்க, வாயைப் பாப்பாங்க, சுத்தம்னு எழுதிக் குடுத்துடுவாங்க. மேல போயிருக்கலாம். ஒத்துக்கிட்டா அடுத்த பண்டிகை வரைக்கும் தரைதான். அது அவனுக்கு நல்லாத் தெரியும். தரையில உக்காந்தா அவனுக்கு என்ன ஆகும்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

தையல்காரி மிஷின் மேல் கிடந்த நூலை எடுத்து விரலில் சுற்றினாள்.

"நானும் குடிச்சவதாம்மா. பொம்பளையான்னு பாக்காத. வண்டியே எடுக்க முடியாத அளவுக்குக் குடிச்சவ. குடிச்சிட்டு இல்லன்னு சொல்றவங்க எத்தனை ரகம்னு எனக்குத் தெரியும், எல்லா ரகத்துலயும் நானே சொல்லியிருக்கேன். குடிக்காம குடிச்சேன்னு சொன்னவனை நேத்துதான் பாத்தேன்."

பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து மிஷின் மேல் வைத்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு அவன் வாய் மட்டும்தான் தெரியும். ஆளை உனக்குத்தானே தெரியும். நீயே சொல்லு, ஏம்மா அப்படிச் சொன்னான்?"